சத்து மாத்திரை முதல் யானைக்கால் மாத்திரை வரை: யார் இந்த சுப்பாராவ்?

மெட்ரிகுலேஷனை மூன்றாவது முயற்சியில்தான் பாஸ் செய்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் முழு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. ஆனா, இன்று அரசு மருந்தகங்களில் சாதாரணமாகக் கிடைக்கும் சில மாத்திரைகள் இவர் தலைமை தாங்கிய லேபில் இருந்து தொடங்கியவை.

உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருந்து கவுன்ட்டரை நினைத்துப் பாருங்கள். கர்ப்பிணிக்கு சிவப்பு நிற சத்து மாத்திரை. விடாத காய்ச்சலோடு வந்தவருக்கு, டாக்டர் பார்த்துவிட்டு எழுதிய டாக்சிசைக்ளின். யானைக்கால் நோய் இருக்கும் பகுதி என்றால் டி.இ.சி. மாத்திரை. இதில் எதுவும் பெரிய ஸ்பெஷலிஸ்ட் எழுதும் காஸ்ட்லி மருந்து கிடையாது. எல்லாமே அன்றாடம் பார்க்கிற நோய்களுக்கான அன்றாட மருந்துகள்.

இந்த மூன்றையும் ஒரு மனிதரின் வாழ்க்கை இணைக்கிறது. அவர் பெயர் யெல்லப்ரகட சுப்பாராவ். 1895 ஜனவரி 12-ல் பிறந்து, 1948 ஆகஸ்ட்டில் இறந்தார். சரி, யார் இவர்? உண்மையில் என்ன செய்தார்? வாட்ஸ்அப் ஃபார்வர்டுகள் இவரைப் பற்றிச் சொல்வதில் எவ்வளவு சரி?

வாழைப்பழம் விற்கப் புறப்பட்ட பையன்

அன்றைய சென்னை மாகாணத்தில், இன்று ஆந்திராவில் இருக்கும் பீமவரம்தான் சுப்பாராவின் ஊர். அப்பா ஜகந்நாதம் வருவாய்த் துறையில் இருந்தார். உடல்நிலை மோசமாகி சீக்கிரமே வேலையை விட்டார். அதற்குப் பிறகு வீட்டில் பணக் கஷ்டம்.

13 வயதில், காசிக்குப் போய் யாத்திரை வருபவர்களுக்கு வாழைப்பழம் விற்றுச் சம்பாதிக்கலாம் என்று வீட்டைவிட்டுக் கிளம்பிவிட்டார். அம்மா வெங்கம்மா ஆளை வழியிலேயே பிடித்துத் திரும்ப அழைத்து வந்து, மறுபடி பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தார். படிப்பு ஒழுங்காக ஏறியதா என்றால், அதுவும் இல்லை. மெட்ரிகுலேஷனில் இரண்டு முறை தோல்வி. கடைசியில் சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, மூன்றாவது முயற்சியில் தேறினார். அந்தக் காலகட்டத்தில் அப்பாவும் இறந்துபோனார்.

அடுத்து மெரினா எதிரே இருக்கும் மாநிலக் கல்லூரியில் இன்டர்மீடியட். அப்போது அவருடைய மனசு ராமகிருஷ்ண மடத்தின் பக்கம் சாய்ந்தது. துறவி ஆகணும் என்பது ஆசை. அம்மா சம்மதிக்கவில்லை. மக்களுக்குச் சேவை செய்யத்தான் ஆசை என்றால் மருத்துவம் படிக்கலாமே என்று மடத்தில் இருந்தவர்களே வழி காட்டினார்கள். அப்படித்தான் அவர் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு வந்தார்.

கதர் கோட்டு, கைநழுவிய பட்டம்

காந்தியின் அழைப்பை ஏற்று நாடு முழுக்க இளைஞர்கள் அந்நியத் துணியை ஒதுக்கிய நேரம் அது. சுப்பாராவும் ஆபரேஷன் வகுப்புக்குக் கதர் உடையில் போனார். அறுவை சிகிச்சைப் பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்கு அது பிடிக்கவில்லை. மற்ற பாடங்களில் நன்றாகச் செய்தும், சுப்பாராவுக்குக் கடைசியில் கிடைத்தது எல்.எம்.எஸ். சான்றிதழ்தான். எம்.பி.பி.எஸ்.ஸைவிட ஒரு படி கீழே.

அரசு மருத்துவப் பணியில் இடம் கிடைக்காமல், சென்னையில் டாக்டர் ஆச்சண்ட லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் ஆசிரியராகச் சேர்ந்தார். இந்தப் பட்டக் குறை பின்னாளில் அமெரிக்கா வரைக்கும் அவரைத் துரத்தியது.

வீட்டுக்குள் வந்த நோய்

இதற்கு நடுவில் நடந்த ஒரு விஷயத்தைத் தனியாகச் சொல்லணும். சுப்பாராவின் இரண்டு சகோதரர்கள் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்தார்கள். காரணம், டிராபிக்கல் ஸ்ப்ரூ என்ற குடல் நோய். சுப்பாராவுக்கும் அந்த நோய் வந்தது. லட்சுமிபதியின் ஆயுர்வேத சிகிச்சையில் அவர் பிழைத்தார்.

ஸ்ப்ரூ என்றால் என்ன? சிறுகுடலின் உள்சுவர் பாதிக்கப்பட்டு, சாப்பிடுவதில் இருக்கும் சத்து உடம்பில் சேராமல் போவது. வாரக்கணக்கில் வயிற்றுப்போக்கு, நாக்கில் புண், எடை சரிவது, அதோடு கடுமையான ரத்தசோகை. வெப்பமான நாடுகளில் இருந்த இந்த நோய்க்கு அன்றைய மேற்கத்திய மருத்துவத்தில் உறுதியான மருந்து எதுவும் இல்லை.

அந்த மருந்தைத் தேடித்தான் வாழ்க்கை முழுக்க ஓடினார் என்று சினிமா மாதிரி சொல்லிவிடலாம். நிஜம் அவ்வளவு நேர்கோடு இல்லை. ஆனா, வெப்பமண்டல நோய்களைப் படிக்கணும் என்பதில் அவர் தெளிவாக இருந்தார். மாமனார் குடும்பமும் காக்கிநாடாவின் சத்தியலிங்க நாயக்கர் அறக்கட்டளையும் பண உதவி செய்தன. 1922 அக்டோபரில் அவர் பாஸ்டன் போய் இறங்கினார், ஹார்வர்டின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் படிப்பதற்காக.

மனைவி சேஷகிரி ஊரில் இருந்தார். சுப்பாராவ் கிளம்பிய பிறகு பிறந்த ஆண் குழந்தை, சில மாதங்களிலேயே எரிசிபிலஸ் என்ற தோல் தொற்றில் இறந்தது. அப்பா மகனைப் பார்க்கவே இல்லை. எரிசிபிலஸ் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவால் வருவது. திடீர் காய்ச்சல், தோலில் பளபளப்பான சிவப்பு வீக்கம்தான் அடையாளம். இன்று பெனிசிலின் வகை மருந்தை நேரத்தோடு கொடுத்தால் பெரும்பாலும் குணமாகிவிடும். அன்று பெனிசிலினே கண்டுபிடிக்கப்படவில்லை.

இரவில் வார்டு பாய், பகலில் விஞ்ஞானி

எல்.எம்.எஸ். சான்றிதழை வைத்து அமெரிக்காவில் டாக்டர் வேலை பார்க்க முடியாது. பாஸ்டனின் பீட்டர் பென்ட் பிரிகாம் ஆஸ்பத்திரியில் இரவு நேர வேலைக்குச் சேர்ந்தார். நோயாளிகளின் மலச்சட்டியை எடுத்துச் சுத்தம் செய்வது உட்பட எல்லா வேலையும் பார்த்தார்.

பிறகு ஹார்வர்டின் உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்க் என்பவரிடம் சேர்ந்தார். இருவரும் சேர்ந்து 1925-ல் வெளியிட்டது, ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று நிறத்தை வைத்து அளக்கும் முறை. ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை என்ற பெயரில் தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் லேபில் செய்து பார்த்தது இதைத்தான். சிறுநீரக நோயாளிகளுக்கு இன்றும் பாஸ்பரஸ் டெஸ்ட் எழுதுகிறார்கள், இல்லையா? அந்த வகைப் பரிசோதனைகளின் ஆரம்பப் புள்ளிகளில் இதுவும் ஒன்று.

1927-ல் பாஸ்போகிரியேட்டின், 1929-ல் ஏ.டி.பி. என்று தசையில் இருக்கும் சக்திப் பொருட்களை அடுத்தடுத்து இருவரும் பிரித்தெடுத்தார்கள். நடப்பது, மூச்சு விடுவது, இந்தத் திரையை விரலால் ஸ்க்ரோல் செய்வது என எல்லாவற்றுக்கும் உடம்பு செலவழிக்கும் காசு இந்த ஏ.டி.பி.தான். 1930-ல் பிஎச்.டி. கிடைத்தது.

பெயர் வெளியே வரலையே, ஏன்? கூட வேலை பார்த்த ஃபிஸ்க் சில ஆய்வுகளை வெளியிட விடவில்லை, அதனால் அவற்றை மற்றவர்கள் மறுபடி கண்டுபிடிக்க வேண்டியதானது என்று, அதே லேபில் இருந்து பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் நினைவுகூர்ந்திருக்கிறார். ஹார்வர்டில் நிரந்தரப் பதவியும் கிடைக்கவில்லை. 1940-ல் அவர் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லேடர்லி மருந்து நிறுவனத்துக்குப் போனார். விரைவிலேயே அங்கே ஆராய்ச்சி இயக்குநர் ஆனார்.

இனி வருவது எல்லாம் எட்டு வருடத்தில் நடந்தவை.

மாத்திரை 1: ஃபோலிக் ஆசிட்

கதை தொடங்குவது பம்பாயில். 1920-களின் கடைசியில் லூசி வில்ஸ் என்ற பிரிட்டிஷ் டாக்டர், பம்பாய் மில் தொழிலாளர் குடும்பங்களின் கர்ப்பிணிகளுக்கு வரும் ஒருவகை ரத்தசோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட் சாறு கொடுத்தால் அது சரியாவதை 1931-ல் வெளியிட்டார். ஈஸ்ட்டில் ஏதோ ஒன்று இருக்கிறது. அது என்ன என்பது மட்டும் தெரியவில்லை.

இன்னொரு பக்கம், ரத்தசோகையைக் குணமாக்கும் பொருளை ஈரலில் இருந்து பிரிக்க சுப்பாராவ் ஹார்வர்டிலேயே முயன்றுகொண்டிருந்தார். அவர் தேடியது இன்று நாம் பி12 என்று சொல்லும் வைட்டமினை. லேடர்லியில் அவருடைய டீமுக்குக் கிடைத்தது வேறொன்று: ஃபோலிக் ஆசிட். 1945-ல் அதை ஆய்வகத்திலேயே செயற்கையாகத் தயாரித்துக் காட்டினார்கள். டன் கணக்கில் ஈரலை அரைக்கத் தேவையில்லை, மாத்திரையாகவே செய்யலாம் என்றானது.

இன்று இதன் நிலைமை என்ன? கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்புச்சத்தும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட்டும் இருக்கும். நான்காவது மாதத்தில் தொடங்கி குறைந்தது 180 நாள் சாப்பிடச் சொல்கிறார்கள். வளரிளம் பருவத்தினருக்கு வாரம் ஒரு நீல மாத்திரை.

கவனிக்க வேண்டியவை:

- கருவின் முதுகுத்தண்டும் மூளையும் உருவாகும் குழாய், கரு உண்டான முதல் நான்கு வாரத்திலேயே மூடிவிடும். பலருக்கு அப்போது கர்ப்பம் என்றே தெரிந்திருக்காது. அதனால்தான் குழந்தைக்குத் திட்டமிடும்போதே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட்டைத் தொடங்கச் சொல்கிறார்கள். இந்தக் குறைபாடு மறுபடி வருவதை ஃபோலிக் ஆசிட் பெருமளவு தடுக்கிறது என்பதை பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 1991-ல் வெளியிட்ட ஆய்வு உறுதிசெய்தது.
- சத்து மாத்திரையை டீ, காபியோடு போட்டால் இரும்புச்சத்து சரியாகச் சேராது. மலம் கருப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், அது இரும்புச்சத்தின் நிறம்.
- உண்மையான குறை பி12 என்றால், ஃபோலிக் ஆசிட் மட்டும் சாப்பிட்டால் ரத்த ரிப்போர்ட் நன்றாகத் தெரியும், நரம்புப் பாதிப்பு உள்ளே தொடரும். கால் மரத்துப்போவது மாதிரி தொந்தரவு இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மாத்திரை 2: மெத்தோட்ரெக்சேட்

ஃபோலிக் ஆசிட்டைச் செய்யத் தெரிந்தால், அதை ஏமாற்றும் போலியையும் செய்யத் தெரியும். சாவி மாதிரியே இருக்கும், பூட்டுக்குள் போகும், ஆனா திறக்காது. லேடர்லியின் வேதியியலாளர்கள் அப்படிப்பட்ட பொருட்களைத் தயாரித்தார்கள். வேகமாகப் பெருகும் செல்களுக்கு ஃபோலிக் ஆசிட் நிறையத் தேவை. அது கிடைக்காவிட்டால் அவை பெருக முடியாது.

பாஸ்டனில் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்த சிட்னி ஃபார்பருக்கு, சுப்பாராவின் லேபில் இருந்து அமினோப்டெரின் போனது. 1948-ல் ஃபார்பர் வெளியிட்ட கட்டுரையில், 16 குழந்தைகளில் 10 பேருக்குத் தற்காலிகமாக நோய் அடங்கியது பதிவானது. தற்காலிகம்தான். ஆனா, அதுவரை அந்த நோய்க்கு மருந்து என்று எதுவுமே இல்லை.

அமினோப்டெரினின் தம்பிதான் மெத்தோட்ரெக்சேட். இன்று புற்றுநோய்க்கு மட்டும் இல்லை, முடக்குவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் குறைந்த அளவில் பலர் சாப்பிடுகிறார்கள். உங்கள் வீட்டில் யாராவது சாப்பிட்டால் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: மூட்டுக்கும் தோலுக்கும் கொடுக்கும்போது இது வாரம் ஒரு முறை போடும் மாத்திரை. தவறுதலாகத் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பிணிகள் சாப்பிடவே கூடாது. இதோடு டாக்டர் ஃபோலிக் ஆசிட்டும் சேர்த்து எழுதியிருப்பார், பக்கவிளைவைக் குறைப்பதற்கு. ஒரே லேபில் பிறந்த மருந்தும் அதன் எதிரியும் ஒரே மருந்துச் சீட்டில்!

மாத்திரை 3: டி.இ.சி.

இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளுக்குப் போன அமெரிக்க வீரர்களுக்கு யானைக்கால் புழுத் தொற்று வந்தது. நம் கடலோர ஊர்களுக்குத் தலைமுறைகளாகப் பழகிய நோய், திடீரென்று அமெரிக்காவின் கவலையும் ஆனது. சுப்பாராவின் டீம் பல வேதிப்பொருட்களை எலிகளில் சோதித்து, டைஎத்தில்கார்பமசின் என்ற டி.இ.சி.யைக் கண்டெடுத்தது. 1947-ல் அது மனிதர்களிடம் வேலை செய்வது வெளியானது. ஊசி வேண்டாம், வாயில் போடும் மாத்திரையே போதும்.

இந்தியாவில் இந்த நோய் இருக்கும் மாவட்டங்களில் வருடம் ஒரு முறை எல்லோருக்கும் டி.இ.சி.யும் அல்பெண்டசோலும் கொடுப்பது வழக்கம். சில மாவட்டங்களில் ஐவர்மெக்டினும் சேரும்.

எனக்குக் கால் வீக்கமே இல்லையே, நான் எதுக்கு மாத்திரை போடணும்? நிறைய பேர் கேட்கும் கேள்வி இது. விஷயம் என்னன்னா, புழுவின் குஞ்சுகள் ரத்தத்தில் இருந்தும் வெளியே எதுவும் தெரியாமல் வருடக்கணக்கில் இருக்கலாம். கொசு அதை உங்களிடம் இருந்து பக்கத்து வீட்டுக்கு எடுத்துப் போகும். மாத்திரை அந்தச் சங்கிலியை உடைக்கிறது. அந்தக் குஞ்சுகள் இரவில்தான் ரத்தத்தில் அதிகம் சுற்றும் என்பதால்தான் சுகாதாரப் பணியாளர்கள் ராத்திரியில் வந்து ரத்தம் எடுக்கிறார்கள்.

மாத்திரை போட்ட பிறகு லேசான காய்ச்சல், தலைவலி வந்தால் அது பெரும்பாலும் புழுக்கள் சாவதன் அறிகுறி. கர்ப்பிணிகள், 2 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகள், கடுமையான நோயில் இருப்பவர்களுக்குக் கொடுக்க மாட்டார்கள். ஏற்கெனவே பெருத்துவிட்ட காலை இந்த மாத்திரை பழையபடி ஆக்காது. தினமும் சோப்பு போட்டுக் கழுவி, ஈரம் துடைத்து, புண் வராமல் பார்த்துக்கொள்வதுதான் அங்கே முக்கியமான சிகிச்சை.

மாத்திரை 4: டாக்சிசைக்ளினின் மூதாதை

பெஞ்சமின் டக்கர் ஒரு தாவரவியல் பேராசிரியர். 70 வயதைத் தாண்டி, பல்கலைக்கழகத்தில் ஓய்வு பெற்றவர். லேடர்லி அவரை வேலைக்கு எடுத்தது. பல இடங்களில் இருந்து வந்த மண் மாதிரிகளில் மருந்து சுரக்கும் நுண்ணுயிரை அவர் தேடினார். மிசௌரி பல்கலைக்கழக வயல் ஒன்றின் மண்ணில் இருந்து கிடைத்தது தங்க நிறப் பொருள் ஒன்று. பெயர் ஆரியோமைசின். டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் ஆன்டிபயாடிக். இன்று நாம் பயன்படுத்தும் டாக்சிசைக்ளின், வேறொரு நிறுவனம் 1960-களில் கொண்டுவந்த அதே குடும்பத்து வாரிசு.

ஸ்க்ரப் டைபஸ் எனும் உண்ணிக் காய்ச்சல், எலிக்காய்ச்சல், காலரா என்று நம் ஊரில் இன்றும் வரும் நோய்களுக்கு டாக்சிசைக்ளின் கொடுக்கப்படுகிறது. காய்ச்சலோடு, அக்குள், இடுப்பு மாதிரி மறைவான இடத்தில் சிகரெட்டால் சுட்டது போலக் கருப்பாக ஒரு தழும்பு இருந்தால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். நேரத்தோடு தொடங்கினால் பெரும்பாலும் ஓரிரு நாளில் காய்ச்சல் இறங்கும். மாத்திரையை நிறையத் தண்ணீரோடு போடணும், போட்டதும் படுக்கக் கூடாது, இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும். சளி, சாதாரண வைரஸ் காய்ச்சலுக்கு இது வேலை செய்யாது. கடையில் நாமாகவே வாங்கிப் போடுவது கிருமிகளுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலை.

ஆரியோமைசின் 1948 ஜூலையில் நியூயார்க்கில் நடந்த மாநாட்டில் உலகத்துக்கு அறிமுகமானது. சில வாரங்களில், ஆகஸ்ட்டில், சுப்பாராவ் தூக்கத்திலேயே மாரடைப்பால் இறந்தார். வயது 53.

அந்தப் பழைய நோய்க்கு இன்று என்ன சிகிச்சை?

சகோதரர்களைக் கொன்ற ஸ்ப்ரூவுக்கு வருவோம். ஃபோலிக் ஆசிட் தயாரானதுமே டாம் ஸ்பைஸ் என்ற அமெரிக்க டாக்டர் அதைக் கரீபியன் பகுதியின் ஸ்ப்ரூ நோயாளிகளுக்குக் கொடுத்து, நல்ல பலன் இருப்பதைக் கண்டார். அது சுப்பாராவ் உயிரோடு இருக்கும்போதே நடந்தது.

இன்றைய நிலை? டிராபிக்கல் ஸ்ப்ரூ என்று உறுதியானால் பொதுவாக டாக்டர்கள் எழுதுவது ஃபோலிக் ஆசிட்டும், டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாடிக் ஒன்றும், மூன்று முதல் ஆறு மாதத்துக்கு. தேவைப்பட்டால் பி12. அந்த முதல் இரண்டு மருந்துகளின் தொடக்கமும் சுப்பாராவ் இயக்குநராக இருந்த ஒரே கட்டடத்தில். ஸ்ப்ரூவில் ஆன்டிபயாடிக்கின் பங்கு தெளிவானது பிற்பாடுதான். அதைப் பார்க்க அவர் இல்லை.

ஃபார்வர்டில் வருவது எவ்வளவு உண்மை?

எல்லாவற்றையும் இவர் ஒருவரே கண்டுபிடித்தார், வெள்ளையர்கள் திருடிக்கொண்டார்கள் என்ற ரேஞ்சில் ஃபார்வர்டுகள் வரும். அது சரியில்லை. ஏ.டி.பி.யை அதே 1929-ல் ஜெர்மனியின் கார்ல் லோமனும் தனியாகக் கண்டுபிடித்தார். ஆரியோமைசின் டக்கருடையது. ஃபோலிக் ஆசிட்டுக்கு முன்னால் லூசி வில்ஸ் இருக்கிறார், கூடவே வேதியியலாளர்களின் பெரிய டீம் இருக்கிறது. சுப்பாராவின் வேலை வேறு மாதிரி. எந்தக் கேள்வியைத் துரத்துவது, யாரிடம் ஒப்படைப்பது, கிடைத்ததை எந்த டாக்டரின் கையில் சேர்ப்பது என்பதை முடிவு செய்தவர் அவர். கட்டுரையில் முதல் பெயராக வருவதிலோ, மேடையில் நிற்பதிலோ அவருக்கு ஆர்வம் இல்லை.

அவருக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்பது உண்மைதான். அதில் நிறமும் பட்டமும் குடியுரிமையும் கலந்திருந்தன. இந்தியர்கள் குடியுரிமை பெற முடியாது என்று 1923-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. 1946-ல் சட்டம் மாறிய பிறகும் அவர் அமெரிக்கக் குடிமகன் ஆகவில்லை. 26 வருடத்தில் ஒரு முறைகூட ஊருக்குத் திரும்பவும் இல்லை. சேஷகிரி கணவரைக் கடைசியாகப் பார்த்தது 1922-ல். இந்த மருந்துகளுக்கான விலையில் அவருடைய பங்கும் இருக்கிறது, அதை எந்த ஃபார்வர்டும் சொல்வதில்லை.

இந்திய அரசு 1995-ல், நூற்றாண்டை ஒட்டி, சுப்பாராவ் தபால்தலை வெளியிட்டது. அவர் படித்த பள்ளி திருவல்லிக்கேணியில் இன்றும் நடக்கிறது. மருத்துவக் கல்லூரி சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கிறது. அடுத்த முறை யாராவது சத்து மாத்திரையைப் பிரிக்காமல் அலமாரியில் போட்டு வைத்தால், அதை எடுத்துக் கையில் கொடுங்கள். சுப்பாராவுக்கு அதைவிடப் பெரிய மரியாதை தேவையில்லை.